ஆபரேஷன் செய்த கால் மட்டும் ஓடியது

திங்கட்கிழமை காலை கிரவுண்டுக்கு வந்த பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் நொண்டினார்கள். ஒருத்தி குதிகாலை ஊன்றி நடந்தாள், இன்னொருத்தி விரல் நுனியில் நடந்தாள். கோல்கீப்பர் செல்வி கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை இன்டர் காலேஜ் ஃபைனல். எங்கள் பெண்கள் ஃபுட்பால் டீம் ஃபைனலுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

"ஷூவைக் கழட்டுங்க" என்றேன். கழற்றினார்கள். பாதம் முழுக்கக் கொப்புளம்.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச். பந்து ஆடக் கற்றுக்கொடுப்பது பி.டி. சாரின் வேலை. மேட்ச் முழுக்க ஓடித் தாங்குகிற உடம்பை அவர் கையில் கொடுப்பது என் வேலை. அடிபட்டவர்களைத் தேற்றி மறுபடி கிரவுண்டில் இறக்குவதும் என் வேலைதான். பதவியின் பெயர் யார் வாயிலும் நுழையாததால், வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை என்னை 'ஜிம் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜிம் என்பது ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரண்டு பார்பெல், கொஞ்சம் இரும்பு பிளேட், ஆற்று மணல் ரொப்பிக் கட்டிய யூரியா சாக்குகள். ரிட்டயர் ஆகும்வரை அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தேன். கோபமும் நிறையப் பட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பட்ட கோபம் தனி ரகம்.

"எங்கடி போனீங்க? 'ஊருக்குப் போறோம், ரெஸ்ட் எடுக்கறோம்'னு சொல்லிட்டுத்தானே லீவு வாங்குனீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். செல்வி திருவாரூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"வேளாங்கண்ணிக்கு நடந்து போனோம் மேடம்."

"செருப்பு?"

"போடலை மேடம். அப்படித்தான் வேண்டிக்கிட்டோம்."

யாருக்காக நடந்தார்கள்

வேண்டுதல் நஸ்ரினுக்காக. நஸ்ரின் எங்கள் மிட்ஃபீல்டர், நாகப்பட்டினத்துப் பெண். முந்தைய வருடம் ஒரு மேட்சில் திரும்பும்போது முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிட்டது. அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று செல்வி மாதாவிடம் வேண்டிக்கொண்டாளாம். நஸ்ரின் மறுபடி பந்தாட வந்துவிட்டால் டீமே நடந்து வருகிறோம் என்று. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு நஸ்ரின் என் கொட்டகையில்தான் கிடந்தாள். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துத் தொடையை இறுக்குவதில் ஆரம்பித்து, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெட்டி மேலிருந்து குதித்து இறங்குவது, ஓட்டம் என்று படிப்படியாக ஏற்றினேன். டாக்டரும் சரி சொல்லிவிட்டார். அந்த ஃபைனல்தான் அவள் திரும்பி வரும் முதல் மேட்ச்.

"மேட்ச் முடிஞ்சு போயிருக்கக் கூடாதா? மாதா எங்க போயிடப் போறாங்க?" என்று கத்தினேன்.

"அதுக்குள்ள திருவிழாக் கொடியை இறக்கிடுவாங்க மேடம். அதோட, நாங்க கேட்டது நஸ்ரின் காலுக்காக. கால் சரியாயிடுச்சு. மேட்ச் ஜெயிச்சாத்தான் வருவோம்னு உக்காந்திருந்தா, பேரம் பேசுற மாதிரி ஆயிடாதா?" என்றாள் செல்வி.

நான் முதலுதவிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னேன்.

நஸ்ரினை மட்டும் அவர்கள் கூட்டிப் போகவில்லை. "உன் காலுக்காகத்தான் நடக்கறோம். நீயும் நடந்து அதைக் கெடுத்துக்காத" என்று ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டார்கள். ஆக, அன்றைக்கு என் டீமில் ஒழுங்காக ஓடக்கூடிய ஒரே கால் ஆபரேஷன் செய்த கால்தான். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. முதலில் அடித்துக்கொண்டேன். சிரிப்பு வர ஒரு வாரம் ஆயிற்று.

பி.டி. சார் வந்து பார்த்தார். நிலவரம் புரிந்ததும் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"நஸ்ரினை ஃபுல் மேட்ச் ஆட வெச்சுடலாங்க மேடம். அவ ஒருத்திதான் நல்லா நிக்கறா."

"கடைசி அரை மணி நேரம் சார். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்ல."

"ஃபைனலுங்க மேடம்!"

"அவ அம்மாகிட்ட வார்த்தை குடுத்திருக்கேங்க."

அதுதான் விஷயம். நஸ்ரினின் அப்பா துபாயில் வேலை. அம்மா பல்கீஸ் நாகப்பட்டினத்தில் துணிக்கடை வைத்துத் தனியாகக் குடும்பம் நடத்துபவர். ஆபரேஷன் முடிந்ததுமே, "பந்து போதும்" என்று சொல்லிவிட்டவர். கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் சம்மதம் வாங்கியிருந்தோம். "நானும் வந்து பார்ப்பேன் டீச்சர். எம்மவ நொண்டிக்கிட்டு வெளிய வந்தா இதோட சரி. நல்லபடியா வந்தா அப்புறம் யோசிக்கலாம்" என்றிருந்தார். நஸ்ரின் இனிமேல் ஆடுவாளா மாட்டாளா என்பது அந்த அரை மணி நேரத்தில் இருந்தது. கோப்பை எனக்கு இரண்டாம் பட்சம். பி.டி. சாருக்கு அப்படி இல்லை, பாவம்.

ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

கொப்புளத்தோடு ஓடவிட முடியாது. ஐந்து நாள் சும்மா உட்கார வைத்தால் உடம்பு மந்தமாகிவிடும். ஹாஸ்டல் வராண்டாவில் இவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவற்றை அப்படியே ஸ்டாண்டு போட்டு, பின் பிரேக் லேசாக உரசும்படி இறுக்கிவிட்டு, குதிகாலால் மிதிக்க வைத்தேன். நான் விசில் ஊதினால் வேகம், மறுபடி ஊதினால் மெதுவாக. மேல் உடம்புக்கு மணல் சாக்கு. பாதத்துக்குச் சுத்தமான தண்ணீரும் மருந்தும் வெள்ளைத் துணியும்.

வாட்ச்மேன் வந்து வெகுநேரம் வேடிக்கை பார்த்தார். "என்னங்க மேடம், இவ்ளோ மிதிச்சும் ஒரு அடி நகரலியே. வேளாங்கண்ணிக்கே நடந்து போன புள்ளைங்க!" என்றார். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததில் ஒரு சைக்கிள் சாய்ந்தது.

சனிக்கிழமை

பாதத்தில் பிளாஸ்டர் ஒட்டி, இரட்டை சாக்ஸ் போட்டு இறக்கினோம். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். பி.டி. சார் என்னை முறைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சொன்ன நேரத்துக்குத்தான் நஸ்ரின் உள்ளே போனாள். முதல் முறை அவள் எம்பிப் பந்தைத் தலையால் அடித்துவிட்டு அந்தக் காலில் இறங்கியபோது நான் பந்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். முட்டி உள்பக்கம் மடங்கவில்லை. பெட்டியிலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரியே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கொடுத்த நீளமான பாஸ் ஒன்றை கேப்டன் கோலாக்கினாள். ஒன்றுக்கு ஒன்று. அப்படியே ஆட்ட நேரம் முடிந்தது. எக்ஸ்ட்ரா டைம் என்றார்கள்.

"சார், நஸ்ரினை மாத்துங்க."

"மேடம், இப்பவா? கோவிச்சுக்காதீங்க, கை கூப்பிக் கேக்கறேன்."

நஸ்ரினும் ஓடி வந்தாள். "வலியே இல்ல மேடம். நல்லா இருக்கு மேடம்."

"வலி இல்லாதப்பவே வெளிய வாடி."

அவள் அழ ஆரம்பித்தாள். அப்போது தண்ணீர் குடிக்க வந்த செல்வி, நொண்டிக்கொண்டே அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "வெளிய போடி. நாங்க அவ்ளோ தூரம் நடந்தது இதை நீ திரும்ப ஒடைச்சுக்கவா? நாங்க பாத்துக்கறோம்."

அவர்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கோல் விழுந்து தோற்றுப்போனோம். பி.டி. சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நஸ்ரின் எழுந்து, அம்மா உட்கார்ந்திருந்த கேலரி பக்கம் நடந்தாள். நேராக, இரண்டு காலையும் சமமாக ஊன்றி. பல்கீஸ் அம்மா இறங்கி வந்தார். குனிந்து மகளின் முட்டியை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். வீங்கவில்லை. பின்னால் நின்ற என்னிடம் திரும்பினார். சுற்றிலும் பெண்கள் தேம்பிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், அடுத்த மேட்ச் எப்ப?"

கோப்பை போனதற்கு அழாத நான் அதைக் கேட்டு அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடான ஒன்று இந்த வேலையில் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. நஸ்ரின் படிப்பு முடியும்வரை ஆடினாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எடையும் உயரமும் பழைய காயமும் எல்லோரும் கேட்பார்கள். அது போதாது. அதன் பிறகு டீமுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே இன்னொன்றும் கேட்டுவிடுவேன்: "ஏதாவது வேண்டுதல் பாக்கி இருக்காம்மா?" புதுப் பெண்கள் நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரிப்பார்கள். பின்னால் நிற்கும் சீனியர்கள் சிரிக்காமல் தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.