ஆறாம் நம்பர் கால்

அந்தச் செருப்புக் கடையில் அவருக்கு ‘நம்பர்காரர்’ என்று பெயர். முதலாளி வைத்த பெயர். இருபத்தாறு வருஷத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது. வருகிறவர் வாசல் மிதியடியில் காலைத் துடைத்து நிமிர்வதற்குள், “எட்டு. வலது கால் கொஞ்சம் பெரிசு” என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அந்தப் பத்தாவது தடவை, வந்தவருடைய கால்தான் தப்பு என்பார்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. நம்பர்காரர் என்ன நம்பர் சொன்னாலும் சரி, வந்தவர் எழுந்து நின்று அளவுத் தட்டில் காலை வைக்காமல் ஒரு பெட்டியையும் திறக்கக் கூடாது. கோடு போட்ட இரும்புத் தட்டு, குதிகாலை நிறுத்த ஒரு விளிம்பு, விரல் நுனிவரை தள்ளிக்கொண்டு வர ஒரு கட்டை, அகலம் பார்க்க ஒரு பட்டி, அவ்வளவுதான் அது. அந்தச் சட்டத்தில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தான் வாயால் சொன்னதைத் தட்டும் சொல்லும்போது வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி.

வருத்தமெல்லாம் ஜனங்கள் மேல்தான். காலில் போடுகிற சாமானைக் கண்ணால் வாங்குகிறார்களே! கடை அடைக்கிற நேரத்தில் ஓடிவந்து, “நாளைக்குக் காலையில ட்ரெயின், ஊர் சுத்தப் போறோம், நல்லா நடக்கிற மாதிரி ஒரு ஷூ குடுங்க” என்று நிற்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “பத்து நாள் முன்னாடி வாங்கணும் சார். சாயங்காலம் வாங்கணும், அப்பத்தான் வீங்கின காலுக்கு அளவு தெரியும். பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் இடம் விடணும். போடப் போடப் பழகிடும்னு எவனாவது சொன்னான்னா, அந்தக் கடையை விட்டே எழுந்து வந்துடணும்” என்று மூச்சு விடாமல் பாடம் எடுப்பார். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, கண்ணாடி அலமாரியில் இருக்கிற சிவப்பு ஜோடியைக் காட்டுவார்கள்.

இப்போது அவரே ஊர் சுற்றப் போகிறார். வேலைக்குச் சேர்ந்த மகள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏழு நாள் பயணம் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பழைய கோட்டை உள்ள ஒரு மலையூர். கல் பாவிய தெருக்கள், எங்கே திரும்பினாலும் படிக்கட்டு, ஊருக்குள் வண்டி நுழையவே கூடாது. ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் செருப்புக் கடையில் கூட்டம் நெரியும். அதனால் அவர் இத்தனை வருஷத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எங்கேயும் போனது கிடையாது. மகள் அனுப்பிய வரைபடத்தை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். முதல் நாள் ஒன்பது கிலோமீட்டர் நடை. அந்த ஒன்பதை நினைத்தாலே அவருக்கு வாயெல்லாம் பல்.

இதில் ஒரே ஒரு முட்டுக்கட்டை. அவருடைய மனைவி.

அந்த அம்மாள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க உட்கார்ந்தபடி சீட்டு எழுதுவாள், ஆட்களை வரிசையில் அனுப்புவாள், கத்துகிறவர்களை அதட்டுவாள். வேலையில் சூரப்புலி. ஆனால் நடை என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். கடைத்தெருவுக்குப் போனால் முதல் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிடுவாள். பூங்காவுக்குப் போனால் முதல் பெஞ்சு அவளுடையது. “என் வீட்டுக்காரி தங்கமான பொம்பளை, ஆனா நடக்கச் சோம்பேறி” என்று நம்பர்காரர் சம்பந்தமே இல்லாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவளும் கூடவே சிரித்து, “ஆமா, எனக்கும் நடைக்கும் ஆகாது” என்பாள்.

அவளுக்கு ஆறாம் நம்பர். இது கடையில் தூணுக்கும் தெரியும். கல்யாணமான முதல் வாரத்தில், அவள் கூடத்தைத் தாண்டி நடந்துபோனதைப் பார்த்தே அளவு பிடித்து, மறுநாள் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார், கச்சிதமாக இருந்தது. அந்தக் கதையை எத்தனை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. “இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தட்டு வெச்சதில்லை சார்” என்று முடிக்கும்போது நெஞ்சு ஒரு அங்குலம் உயரும்.

கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கையில் முதல் ஜோடியைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், கனமே இல்லாத மெத்தென்ற அடி. அவள் போட்டாள். நாலு எட்டு வைத்தாள். “வலிக்குதுங்க” என்றாள்.

“எங்க வலிக்குது?”

“எல்லா இடத்துலயும்தான்.”

“எல்லா இடத்துலயும்னா அது என்ன பதில்? புதுசு அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் போட்டா பழகிடும்.”

இதைச் சொன்னது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குத்தான் உபதேசம்! சொன்ன வாய்க்கும் உறைக்கவில்லை, கேட்ட காதுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் நீலம். அதற்கு அடுத்த நாள், மேல்பக்கம் வலைத்துணி வைத்தது. பிறகு கயிறு கட்டுவது, கயிறே இல்லாதது. முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு ஜோடியாக வீட்டுக்குக் கொண்டுவருவதும், காலையில் அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பி எடுத்துப் போவதுமாக அவருக்கு நாய் படாத பாடு. ஆறாவது ஜோடி அவர் கடையிலேயே உசத்தியான சரக்கு. அதையும் போட்டுக்கொண்டு அவள் சமையலறை வரை போனாள். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இதுவும் வலிக்குது.”

அவர் தலையிலடித்துக்கொண்டார். “உன் கால் என்ன கண்ணாடியா? இதே ஷூவைப் போட்டுக்கிட்டு எழுபது வயசுக்காரங்க மலை ஏறுறாங்க! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சும்மாவா சொன்னாங்க? உனக்கு நடக்கப் பிடிக்கலை, அதைச் சொல்லு!”

“செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டிக்கச் சொல்றீங்களா?” என்று அவளும் குரலை உயர்த்தினாள். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அலுத்துப்போன குரலில் சொன்னாள்: “நான் வரலைங்க. நீங்க போய்ட்டு வாங்க. வந்தாலும் நான் ரூம்லதான் உக்காந்திருக்கப் போறேன். உங்களுக்கும் அது பாரம், எனக்கும் பாரம்.”

அவர் அந்த ஷூவை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். தனியாகப் போய்க் கோட்டையைப் பார்த்து என்ன செய்வது? “பாரு, எவ்வளவு உசரம்!” என்று யாரிடம் சொல்வது? அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்ததோ வேறு.

“நாளைக்கு நீயே கடைக்கு வா. அலமாரி முழுக்க இருக்கு. எல்லாத்தையும் போட்டுப் பாரு. ஒண்ணுகூடச் சரியில்லைன்னா, டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடலாம்.”

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து அவள் வந்தாள். அவள் அந்தக் கடைக்குள் வந்தே பல வருஷம் இருக்கும். எல்லாம்தான் வீட்டுக்கே வந்துவிடுகிறதே! கூட்டத்துக்கு நடுவே ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தாள். நம்பர்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்து, ஆறாம் நம்பர் பெட்டிகளாக ஐந்தை இறக்கி அடுக்கினார். முதல் பெட்டியின் மூடியில் கை வைத்ததுதான் தாமதம், கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“தட்டு எங்க?”

கல்லாவில் இருப்பது முதலாளியின் அக்கா. கடையின் சட்டத்தைப் போட்டதே அந்த அம்மாள்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

“அக்கா, இது என் வீட்டுக்காரி. இவ நம்பர் எனக்குத் தெரியாதா?”

“யாரா இருந்தா என்ன? நானே வாங்கினாலும் தட்டுல நின்னுதான் வாங்குறேன். வை தட்டை.”

பக்கத்து நாற்காலிக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. இன்றைக்குப் பார்த்து இந்தக் கிழவிக்குச் சட்டம் ஞாபகம் வருகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்துத் தரையில் டங்கென்று வைத்தார். “எழுந்து நில்லு. ரெண்டு கால்லயும் சமமா நில்லு” என்றார். கட்டையைத் தள்ளினார். அது ஆறில் நிற்கவில்லை. ஆறில் நிற்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஏழு.

கட்டை இறுகிக்கிடக்கிறது என்று அதை எடுத்து ஊதி, மறுபடி தள்ளினார். ஏழு. வலது காலை வைக்கச் சொன்னார். ஏழுக்கும் ஒரு கோடு மேலே. அகலத்துக்கான பட்டியைச் சேர்த்தார். அது சாதாரண அளவைத் தாண்டி இரண்டு கோடு போய் நின்றது. அடுத்த முக்காலியிலிருந்து வேறு தட்டை வாங்கி வைத்துப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

அப்புறம்தான் அவர் அந்தக் காலைப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிப் போயிருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது. குதிகாலுக்கு மேலே தோல் காய்த்துத் தடித்திருந்தது. இந்த மாதிரிக் காலோடு எத்தனையோ பேர் அவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். “யாரும்மா உங்களுக்கு இந்த சைஸ் வாங்கிக் குடுத்தது? அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நான் நாலு கேள்வி கேக்குறேன்” என்று அவர்களிடம் சத்தம் போட்டிருக்கிறார். இப்போது மடங்கிய அந்தச் சுண்டுவிரலை மெல்லப் பிரித்துவிட்டார்.

“என்னங்க? என்ன ஆச்சு?” என்றாள் அவள்.

“ஏழு.”

“என்ன ஏழு?”

“உன் கால். ஏழு. அகலம் வேற.”

“எனக்கு ஆறுதானே?”

“ஆறு இல்லை.”

“எப்பலேருந்து?”

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாப்பா பொறந்தப்பவா இருக்கும். வயித்துல புள்ளை இருக்கிறப்ப கால் நீண்டுடும், அப்புறம் சுருங்காது. எத்தனை பொம்பளைங்களுக்கு நானே சொல்லியிருக்கேன்!”

“எனக்குச் சொல்லலையே” என்றாள் அவள். அதில் குத்தல்கூட இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள்.

அவர் எழுந்து போய், ஆறாம் நம்பர் பெட்டிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஏழில் அகலமானதாக ஒன்றை எடுத்து வந்தார். பார்க்க அழகாகக்கூட இல்லை; மண் நிறம், உருண்டை மூக்கு. உள்ளே இருந்த காகிதத்தை எடுத்தார். கயிற்றை முழுக்கத் தளர்த்தி, குதிகாலைப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, பிறகு கட்டினார். பெருவிரலுக்கு முன்னால் அழுத்திப் பார்த்தார். ஒரு விரல் இடம் இருந்தது.

அவள் கடைக்கோடி வரை நடந்து, கண்ணாடியருகே திரும்பி, மறுபடி வந்தாள். வலிக்குது என்று சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். பழக்கதோஷம். அவள் சொல்லவில்லை. மூன்றாம் தடவை நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

“ஏங்க, செருப்புன்னா இப்படித்தான் இருக்குமா?”

“ஆமாம்மா.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான்.”

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. “எல்லாருக்கும் வலிக்கும், எல்லாரும் பல்லைக் கடிச்சிக்கிட்டு நடக்குறாங்க, நமக்குத்தான் அந்தத் தெம்பு இல்லைன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். சின்னவளா இருந்தப்ப, மிருகக்காட்சி சாலையில பாப்பா யானையைப் பாக்கணும்னு என் கையைப் பிடிச்சி இழுத்தா. ‘அப்பாவோட போ’ன்னு அனுப்பிட்டு வாசல் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வீட்டுல செருப்புக் கடைக்காரரை வெச்சிக்கிட்டு, நம்பர் தப்பா இருக்கும்னு எனக்கு எப்படிங்க தோணும்? எனக்கு நடக்கப் பிடிக்காதுன்னு நீங்க சொன்னீங்க, நானும் அப்படித்தான்னு நம்பிட்டேனே!”

கல்லாவில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பில் போட்டுக் கொடுத்துவிட்டு, நம்பர்காரரைப் பார்த்து, “கடையை நாங்க பாத்துக்குறோம், நீ கிளம்பு” என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அவள் புது ஷூவோடுதான் வந்தாள். வீடு அங்கிருந்து ஐந்து நிறுத்தம். பஸ் வந்து நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

“நீங்க வேணா ஏறிப் போங்க. நான் நடந்து வரேன்.”

அவர் காலைக் கீழே எடுத்தார். பஸ் போய்விட்டது. “என்னை மன்னிச்சுடும்மா” என்றார்.

“உங்க மேல எனக்கு இருக்கிற கோவத்துக்கு அஞ்சு நிறுத்தம் காணாது” என்றாள் அவள். “அந்தக் கோட்டையில எத்தனை படின்னு சொன்னீங்க?”

“எழுநூத்துச் சொச்சம்.”

“சரி, நடங்க. அங்க போய் மிச்சத்தைத் திட்டிக்கிறேன்.”