பந்திச் சோறும் கழிவு நூலும்

மழை பொய்த்த அந்த வருடம் வைக்கோல் எங்கும் கிடைக்கவில்லை. ஆர்.கே.பேட்டை சாலையில் வயலை ஒட்டி எங்கள் வீடு. பக்கத்து வீட்டில் என் அக்காவும் அவள் கணவரும் இருந்தார்கள். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். மூன்று கறவை மாடுகள், இரண்டு வீட்டுக்கும் பொது. தீனி கொண்டுவருவது பாவா. கறப்பதும் சாணி அள்ளுவதும் நான்.

வைக்கோலுக்குப் பதிலாகப் பாவா ஒரு வழி கண்டுபிடித்தார். முகூர்த்த நாட்களில் திருத்தணிக் கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதைப் பீப்பாய்களில் நிரப்பி ஆட்டோவில் ஏற்றிவந்தார். சோறு, சாம்பார், பாயசம், கடித்துப் போட்ட வடை எல்லாம் ஒன்றாகக் குழைந்து, மேலே எண்ணெய் மிதக்கும். கையை விட்டால் இலைக் கிழிசலும் பாட்டில் மூடியும் தட்டுப்படும். மறுநாள் நுரைத்துப் பொங்கி வாந்தியைப் போல நாறும். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுவேன். மாடுகள் முட்டிமோதிக்கொண்டு குடித்தன.

"எப்டி துன்னுது பாரு! நீதான் மூஞ்ச சுளிச்சிகினு கீற," என்பார் பாவா.

மாடுகளின் படுக்கைக்கு அம்மையார்குப்பத்து விசைத்தறிகளின் கழிவு நூல் வந்தது. முதல் நாள் மெத்தை போலத்தான் இருந்தது. நான்காம் நாள் மூத்திரத்தில் ஊறிக் கறுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் அடியில் புழு நெளிந்தது. "மேல புதுசா போட்டு வுடும்மா," என்றார் பாவா. நானும் போட்டேன். அள்ளிக் கொட்டச் சோம்பல், அதுதான் உண்மை.

கொஞ்ச நாளில் செவலை மாட்டின் பின்காம்பு ஒன்று வீங்கிச் சுட்டது. கறந்தால் பால் திரிதிரியாக, மஞ்சளாக வந்தது. அந்தப் பாலைத் துணியில் வடிகட்டி, மற்ற பாலோடு சேர்த்து இரண்டு நாள் வாடிக்கை வீடுகளுக்கு ஊற்றினேன். துணியில் தங்கிய சீழை விரலால் வழித்து எறிந்துவிட்டு அதே துணியை அலசிக் காயப்போட்டேன். யார் வீட்டுப் பிள்ளை குடித்ததோ. இதை எழுதும்போதும் என் விரல்களைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டது. இடது வயிறு புடைத்தது. சாம்பல் நிறக் கஞ்சி போலக் கழிந்தது. அதில் முழுச் சோற்றுப் பருக்கைகள். ஆசனவாயில் சிவப்பு நூல் ஒன்று தொங்கியது. பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. மாடு முதுகை வளைத்து முக்கியது. அந்த நேரத்தில், பாவா கூட்டிவந்த கால்நடை மருத்துவர் அம்மா உள்ளே வந்து கத்தினார்.

"இழுக்காதீங்க! குடல் அறுத்துக்கும். இன்னா தீனி போட்டீங்க?"

"சோறுதாங்க."

"வெறும் சோறா?"

பாவா பீப்பாயைக் காட்டினார். அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாட்டுக்கு நார்த்தீனி வேணுங்க. சோளத்தட்டையோ வைக்கோலோ இருந்தாத்தான் அசைபோடும். சோறு மட்டும் போனா உள்ளயே புளிச்சி விஷமாயிடும். படுக்கையையும் துன்னு வெச்சிருக்குது. ஈரத்துலயே படுத்துதான் மடியும் கெட்டுச்சி."

மாட்டை நிற்கவைத்து, விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வயிற்றைக் கிழித்தார். தோள்வரை கையை உள்ளே விட்டார். புளித்த சோறு கொழகொழவென்று வாளியில் விழுந்தது. பிறகு நூல்: சிவப்பும் பச்சையும் முறுக்கிப் பின்னி, பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்து, தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை. பாவா துண்டால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினார். வாளியைப் பிடித்திருந்ததால் நான் ஓடவில்லை. கொட்டகைக்குள் அந்த நாற்றத்தைத் தவிர வேறு காற்றே இல்லை.

மருத்துவர் வயிற்றைத் தைத்துவிட்டுப் போனதும், அன்று மாலையே கொட்டகையைச் சுரண்டினேன். நூலும் சாணியும் பாய் போலப் பெயர்ந்து வந்தன. குழி வெட்டிப் புதைத்தேன். தரையைக் கழுவி உலர விட்டு, உமி பரப்பினேன்.

அடுத்த முகூர்த்தத்தில் பாவாவின் ஆட்டோ மறுபடி வந்தது. வாசலில் குறுக்கே நின்றேன்.

"கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆவாது," என்றார்.

"நீங்க துன்னுங்க பாவா. ஒரு வாய் துன்னு காட்டுங்க. அப்புறம் மாட்டுக்குப் போடறேன்."

பாவா வண்டியைத் திருப்பினார். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அக்காதான் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோகைக்குச் சொல்லி வைத்தாள். பிறகு பாவாவே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்து, வெட்டியும் போட்டார்.

செவலை பிழைத்தது. அந்தப் பின்காம்பு மட்டும் வற்றிவிட்டது. அடுத்த ஈற்றில் பிறந்த கன்று தடுமாறி எழுந்து, சரியாக அந்தக் காம்பைத்தான் வாயில் கவ்வியது. முட்டி முட்டிப் பார்த்தது. நான் அதன் முகத்தைப் பிடித்து அடுத்த காம்புக்கு நகர்த்திவிட்டேன்.