டிரம்ஸில் தொங்கிய சாவு மாலைகள்

டில்லி அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம், ஹார்ட் அட்டாக்.

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அவருடைய பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ, இரண்டு பக்கமும் விளக்கு, கீழே ரோஜா இதழ்... பார்த்ததும் சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா முறைத்தார். "இன்னாம்மா, சாவு பேனர பாத்து சிரிக்கிற?"

அப்புறம்தான் "இறுதி ஊர்வலம், தொண்டூர்" என்று இருந்ததைப் படித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறீர்கள். ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது.

'பதினோரு அரியர்ஸ்' என்று ஒரு பேண்ட் இருந்தது. பாலிடெக்னிக் பசங்க நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து பதினோரு அரியர், அதுதான் பெயர். பங்க் ராக் வாசித்தார்கள். செஞ்சியில்! கோட்டை பார்க்க வருகிறவர்களே மத்தியானத்துக்குள் கிளம்பிவிடுகிற ஊரில்...

டில்லி அண்ணன்தான் டிரம்ஸ். பாட்டும் அவரேதான். பாட்டு என்றால்... கத்தல். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். ஹால் டிக்கெட் பற்றி, ரேஷன் கடை பற்றி, கை காட்டியும் நிற்காத பஸ் பற்றி.

எனக்கு அந்த பஸ் பாட்டுதான் உயிர். தளவானூரிலிருந்து காலேஜுக்கு வர நானும் தினமும் கை காட்டி ஏமாந்தவள். என் எரிச்சலை ஒருத்தர் தொண்டை கிழியக் கத்துகிறார் என்றால் சும்மாவா?

மொத்தமே எட்டு ஃபேன்ஸ். ஏழு பசங்க, நான் ஒருத்தி. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று புளுகிவிட்டு வந்து, தூணை ஒட்டி நிற்பேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

பிறகு ஒருத்தருக்கு வேலை கிடைத்தது, ஒருத்தருக்கு சிங்கப்பூர் விசா வந்தது. கடைசியாக ஒரு ஷோ போட்டுப் பிரிந்துவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி, திண்டிவனம் ரோட்டில் அவர்கள் எப்போதும் வாசிக்கிற அதே சின்ன மண்டபம்.

அதற்கு ஃப்ளெக்ஸ் அடித்ததில்தான் வினை. கெத்தாக இருக்கட்டும் என்று நாலு பேரும் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ எதற்குக் கொடுப்பார்கள்? கடைக்காரர் யாரையும் கேட்கவில்லை. அவராகவே விளக்கு வைத்து, ரோஜா தூவி, 'இறுதி நிகழ்ச்சி, ஞாயிறு மூன்று மணி' என்று மண்டபத்தின் பெயரோடு பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்.

நாலு வாலிபப் பசங்க, ஒரே பேனர்... பைக் ஆக்ஸிடென்ட் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பசங்களோ சவுண்ட் செக்கில் இருந்தார்கள், போன் எல்லாம் சைலன்ட்டில்.

மூன்று மணிக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை. எல்லார் கையிலும் மாலை. டில்லி அண்ணனின் அத்தை மாரில் அடித்துக்கொண்டே உள்ளே வருகிறார்... மேடையில் அண்ணன் மைக்கில் "செக், செக்" என்கிறார்.

"அடப்பாவி! உசுரோடவாடா இருக்குற? மெட்ராஸ் வரைக்கும் போன் போட்டு அழுதுட்டேனேடா!"

"நான் சாவல, அத்த. பேண்டுதான் சாவுது. குந்து, பாட்டு கேளு."

"அப்ப இந்த மாலைய இன்னாடா பண்றது? சாவுக்கு வாங்குனத திரும்ப வூட்டுக்கு எடுத்தும்போவக் கூடாதே."

அண்ணன் ஒரு செகண்ட் யோசித்தார். "டிரம்ஸுக்குப் போடு."

போட்டார்கள். வரிசையில் நின்று போட்டார்கள். முதல் அடியிலேயே சாமந்தி தெறித்து முன்வரிசை வரை விழுந்தது. அத்தை காதைப் பொத்திக்கொண்டு, திட்டிக்கொண்டே, கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு என் தூண் பக்கத்தில் எனக்கே இடமில்லை. அவ்வளவு கூட்டம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெளியே வரும்போது அண்ணன் கூப்பிட்டார். சட்டையெல்லாம் வேர்வை, தலையில் பூ.

"பாப்பா, நீ எல்லா ஷோவுக்கும் வருவ இல்ல? உன் பேரு இன்னா?"

பஸ்ஸுக்கு டைம் ஆச்சு என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். மக்கு. நிற்காத பஸ்ஸுக்கு என்ன அவசரம்?

அதற்கப்புறம் அவர் ஸ்கூல் வேன் ஓட்டினார். சிக்னலில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு இருப்பார், பார்ப்பேன். எதிரில் போய் நின்று ஒருநாளும் பேசவில்லை.

இன்று நான் வேலை பார்க்கிற லேபுக்கு லீவ் சொல்லிவிட்டு, அந்தப் பூக்கார அக்காவிடமே மாலை வாங்கிக்கொண்டு தொண்டூர் போனேன்.

வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா? டில்லிக்கு இன்னா மொறை?"

என்ன முறை... தங்கச்சியா, கூடப் படித்தவளா? தெரிஞ்சவள் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவருக்கு என் பேர்கூடத் தெரியாதே.

திரும்பிவிட்டேன். அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாலையோடு பஸ் ஏறினேன். அவ்வளவு பேர் நின்றுகொண்டு வந்தார்கள், என் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அன்றைக்கு அத்தை சொன்னது மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்த ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கம்பிலேயே மாட்டினேன்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த பேனருக்குள்ளேயிருந்து ஒரு "செக், செக்" கேட்காதா என்று... பைத்தியம் மாதிரி நின்றேன்.

அந்த ஏழு பசங்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு கமெண்ட் போடுங்க. ப்ளீஸ். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது.

டில்லி அண்ணா... அன்னிக்குக் கேட்டீங்க இல்ல.

என் பேரு கலைவாணி.