கோதண்டராமனின் இருபத்தேழு

கோதண்டராமனுக்கு கோல்ஃப் பிடிக்காது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்தொன்பது வயதில், மூன்று மேலாளர்களில் ஒருவரை ஏப்ரலில் அனுப்பிவிடப் போகிறார்கள் என்று அலுவலகமே கிசுகிசுக்கும்போது, பிடித்தது பிடிக்காததெல்லாம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமா என்ன? மற்ற இரண்டு மேலாளர்களும் சனிக்கிழமை காலையில் கிளையண்டோடு கோல்ஃப் மைதானத்தில் நடப்பார்கள். நடக்கும்போதே யாருக்கு எந்த வேலை என்று முடிவாகிவிடும். திங்கட்கிழமை கூட்டத்தில் கோதண்டராமன் அதைச் செய்தியாகக் கேட்டுக்கொள்வார்.

அவருடைய மேலதிகாரி ரகுராம், அவரைவிட எட்டு வயது இளையவர். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"ஹேண்டிகேப் மட்டும் வாங்கிடுங்க சார். மார்ச் மேட்ச்ல உங்கள ஆஷ்லி மேடத்துக்குப் பார்ட்னரா போட்டுடறேன். அப்புறம் உங்கள யாரு தொட முடியும்?" என்றார். ஆஷ்லி, கிளையண்ட் கம்பெனியின் இந்தியத் தலைவர்.

ஹேண்டிகேப் என்பது ஓர் எண். தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை எழுபத்திரண்டு தடவை அடித்து முடிக்கிற மைதானத்தை நீங்கள் முடிக்க எத்தனை அடி கூடுதலாகத் தேவைப்படும் என்று அது சொல்லும். போட்டியில் அந்த எண்ணைக் கழித்துவிடுவார்கள். கற்றுக்குட்டியும் கெட்டிக்காரரும் சமமாக மோதலாம். எண் பெரிதானால் சலுகையும் பெரிது. அதை வாங்க, பதினெட்டுக் குழிகளையும் மூன்று தடவை ஆடி, அடித்த அடிகளை அட்டையில் எழுதி, கூட ஆடியவரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பெங்களூர் தொம்மலூர் வீட்டில் ஐந்து மணிக்கே எழுந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்புவார். பந்து தண்ணீரில் விழும், மரத்தில் மோதும், மணலில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூட ஆடியது ரகுராம்தான்; அட்டையும் அவர் கையில்.

"எவ்ளோ சார்?"

"ஒம்போது, ரகு."

"ஒம்போதெல்லாம் எழுதினா பாக்கவே நல்லா இருக்காது. ஆறு போடறேன். தண்ணில போனத யாரு பாத்தா?"

குழிக்கு நாலடி தள்ளிப் பந்து நின்றால், "கையில எடுங்க சார், போனதா வெச்சுக்கலாம்" என்பார். முதல் நாள் கோதண்டராமன் "இல்ல ரகு..." என்று இழுத்துப் பார்த்தார். பதினாலாவது குழிக்கு வந்தபோது அப்படி இழுக்கக்கூடத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. மேலதிகாரியின் முகத்தை முறிக்கவும் முடியாது. தவிர, நிஜத்தைச் சொல்வதானால், அந்தச் சின்ன எண்கள் அவருக்கு உள்ளுக்குள் இனித்தன. பள்ளிக்கூடத்திலிருந்தே ரேங்க் பார்த்து வளர்ந்த மனிதர். எண் சின்னதானால் பெருமை என்றுதான் அவருக்குத் தெரியும். நூற்றிருபதைத் தொட்ட ஆட்டமெல்லாம் அட்டையில் நூற்று மூன்றாகவும் நூற்று ஒன்றாகவும் இறங்கியது. மூன்று அட்டைகளிலும் ரகுராம் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரும் போட்டார்.

மூன்றில் மிகச் சின்னதை எடுத்து, மூன்றே ஆட்டம் என்பதால் விதிப்படி அதிலும் இரண்டைக் கழித்து, எண் வந்தது. இருபத்தேழு.

"இருபத்தேழுன்னா பாஸா ஃபெயிலா?" என்று மனைவி பாமா கேட்டாள்.

"புதுசா ஆடறவனுக்கு ரொம்ப நல்ல நம்பராம்."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கால் வலி" என்றார்.

மார்ச் போட்டியில் இரண்டு பேர் ஓர் அணி; இருவர் அடிகளையும் கூட்டி, இருவர் எண்களையும் கழிப்பார்கள். பெங்களூரிலேயே, காக்ஸ் டவுனில் தமிழ் பேசி வளர்ந்த ஆஷ்லி நன்றாகவே ஆடினார். கோதண்டராமன் எப்போதும் ஆடுவதைப் போலவே ஆடினார். எட்டு. ஒன்பது. மறுபடி ஒன்பது. பந்தைக் கையில் எடுக்கச் சொல்ல ரகுராம் பக்கத்தில் இல்லை. இருபத்தேழு என்றால் ஒரு குழிக்கு ஒன்றோ இரண்டோதான் கழியும். பன்னிரண்டாவது குழி முடிந்தபோதே இனி தேறாது என்று தெரிந்துவிட்டது. மிச்சம் ஆறையும் நடந்துதான் தீர்க்க வேண்டும்.

ஆஷ்லி அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க கோதண்டராமன். இந்த இருபத்தேழு உங்களோடதுதானா?"

பொய் சொல்வதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். "இல்ல மேடம். நெஜமா எண்ணினா நாப்பத்தஞ்சு வரும்."

"நாப்பத்தஞ்சா! அதையே குடுத்திருந்தா நாம ஜெயிச்சுக்கூட இருப்போமே. அதுல என்ன அசிங்கம்? ஆனா இதுல நீங்களும் சைன் போட்டிருப்பீங்களே."

"போட்டேன் மேடம்."

அடுத்த குழிக்குப் போகும் பாதையில் நடந்தார்கள். பிறகு ஆஷ்லி, குரலில் கோபமே இல்லாமல், "வாராவாரம் எனக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வருதே, எத்தன பிழை, எத்தன நாள் லேட்டுன்னு... அதுலயும் உங்க சைன்தானே?" என்றார்.

கோதண்டராமன் நின்றுவிட்டார். பதினோரு வருடமாக அந்த அறிக்கையில் ஒரு நாளைக்கூட அவர் குறைத்துக் காட்டியதில்லை. குறைக்கச் சொன்னவர்களோடு சண்டை போட்டிருக்கிறார். கூட இருந்தவர்கள் மேலே மேலே போக, அவர் அதே நாற்காலியில் தங்கிப்போனதும் அதனால்தான். அவருக்கென்று ஒரு பெருமை இருந்ததென்றால் அது அந்த அறிக்கைகள் மட்டும்தான்.

"அதெல்லாம் கரெக்ட் மேடம்."

"ஓகே" என்றார் ஆஷ்லி. கிளையண்டுகள் அப்படிச் சொல்லும் 'ஓகே'யை கோதண்டராமன் நிறையக் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையே ஆள் அனுப்பிப் பழைய கணக்குகளையெல்லாம் தோண்டச் சொல்பவர்கள் சொல்லும் ஓகே அது.

நான் பொய் எழுதுகிறவன் இல்லை என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லும் யோக்கியதையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. மட்டையை எடுத்துக்கொண்டு ஆஷ்லியின் பின்னாலேயே பதின்மூன்றாவது குழிக்கு நடந்தார்.