பாதிக் கெண்டி

எங்கள் அப்பா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட கிராப் தாளில் தாமரையானாலும் கலசமானாலும் பாதிதான் வரைவார். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டு நெய்துகொள்ளும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முழுத் தாமரையை நான் பார்த்ததே இல்லை.

ஆரணியில் டிசைன் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அப்பாவுக்கு வேலை கொடுத்தவர் ஒரே ஒரு முதலாளிதான். அவர் ஒரு வாரம் வராவிட்டால் அம்மா தெருமுனை வரை போய் எட்டிப்பார்ப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நான்காவது படித்தபோது, முதலாளி ஒரு தகரக் குழாயோடு வந்தார். உள்ளே பழைய படங்கள். ஏதோ அரண்மனைக்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் பாத்திரம் செய்வதற்காக அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் வரைந்தவையாம். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், மூக்கு வைத்த தண்ணீர்க் கெண்டி. பழுப்பேறிய தாளில் தங்கப்பூச்சு இன்னும் மினுங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தன் மகளின் முகூர்த்தப் புடவை முந்தியில் அந்தக் கெண்டி வரவேண்டும் என்றார்.

"உசுரு மாதிரி வெச்சிகினு இருக்கேன். பத்திரம்யா."

அப்பா பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். கெண்டிப் படம், அவர் அடியில் விளக்கு வைத்துப் படம் பார்த்து வரையும் கண்ணாடிப் பலகையைவிட அகலம். மடித்தால் தாள் நொறுங்கிவிடுமே என்று பயந்து, கத்தரிக்கோலை எடுத்து நட்டநடுவே வெட்டினார். வேலை எதுவரை வந்தது என்று பார்க்க, சரியாக அந்த நேரத்தில் முதலாளி உள்ளே நுழைந்தார்.

"அடப்பாவி! இன்னாய்யா பண்ணிகினு இருக்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பாவிடம் மட்டும் பதற்றமே இல்லை.

"பாதி போதும்ங்க முதலாளி. இன்னொரு பாதியும் இதேதானே?"

முதலாளி இரண்டு துண்டுகளையும் தூக்கிப் பிடித்தார். ஒன்றில் மூக்கு இருந்தது. மற்றதில் கைப்பிடி இருந்தது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. எதற்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று பழகிப்போன கை, கண்ணைக் கேட்காமலேயே வெட்டியிருக்கிறது. அவர் அப்படி விக்கித்துப்போய் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளி மற்றப் படங்களையெல்லாம் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டார். இரண்டு துண்டுகளை மட்டும் அப்பாவின் மடியில் வைத்தார்.

"இத நீயே வெச்சிக்கோ," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

என்னால் நம்பவே முடியவில்லை. தீபாவளிக்கு ஒரு மிக்சர் பொட்டலத்துக்கு மேல் கொடுத்தறியாத மனிதர், தங்கக் கெண்டியையே கொடுத்துவிட்டுப் போகிறார்! அம்மா அழுதாள். சந்தோஷம் வந்தாலும் பெரியவர்கள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் மூக்குப் பாதியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், எங்கப்பாவுக்கு முதலாளி கொடுத்த பரிசு என்று வகுப்பு முழுக்கக் காட்டினேன்.

அதன்பிறகு முதலாளி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா தெருமுனைக்குப் போய் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். நானோ, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க வராத பெரிய மனசுக்காரர் என்று அவரைப் பற்றி வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.