அத்தை ஓட்டிய மூன்று வளைவுகள்

எங்கள் அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று இன்றைக்குச் சொன்னால் ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அத்தையே நம்புவாளா என்பது சந்தேகம்.

பள்ளிக்கூடத்துக்கு நான் அவ்வப்போது போய்வந்துகொண்டிருந்த காலம் அது. மாமா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அத்தை விடியற்காலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் மாமா அவளுக்கு விட்ட எல்லை சித்திரை வீதிதான். நாலு பக்கமும் ஒரு சுற்று, அப்புறம் வீடு.

"தேர்கூட இவ்வளவு சுத்தாதுங்க," என்றாள் அத்தை ஒருநாள். "ஒரே ஒரு தடவை மலைக்கு ஓட்டிட்டுப் போறேன். உச்சி வரைக்கும் நானே. அப்புறம் கேக்கவே மாட்டேன்."

மாமா எந்த நல்ல நேரத்தில் இருந்தாரோ, சரி என்றுவிட்டார். ஆனால் எல்லோரும் போகிற கொல்லிமலை வேண்டாம், துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போகலாம் என்றார். அந்தப் பாதையில் கூட்டம் இருக்காது. மானம் போனாலும் பார்க்க ஆள் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தூக்கு நிறையப் புளிசாதத்தோடு கிளம்பினோம். பின் சீட்டில் அம்மாவும் நானும். அத்தை கையால் ஓட்டினாள், பக்கத்தில் மாமா வாயால் ஓட்டினார்.

"ஆடு வருது, ஆடு வருது."

"அது நிக்கிற ஆடுங்க."

"நிக்கிற ஆடுதான் திடீர்னு வரும்."

அடிவாரத்தில் மாமா மெதுவாக, "மாத்திக்கலாமா?" என்றார். அத்தை காதில் விழாத மாதிரி கியரை மாற்றினாள். முதல் வளைவு வழவழவென்று திரும்பியது. இரண்டாவது வளைவில் கீழே வயல்களும் ஒரு ஏரியும் தட்டில் வைத்ததுபோல் தெரிந்தன. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அத்தனை அழகாக அத்தையை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

மூன்றாவது வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏறுற வண்டிக்குத்தாம்மா வழி. நீங்க வாங்க."

அத்தை நகர்த்தினாள். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பாதி தாண்டிவிட்டோம். மாமாவுக்குப் பொறுக்கவில்லை, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அம்மா "முருகா" என்றாள். பஸ் ஜன்னல்களில் யாரோ சிரித்தார்கள்.

"எறங்கு," என்றார் மாமா. "இத்தன பேரு உசுரோட விளையாடாத."

"நீங்கதாங்க இழுத்தீங்க."

"எறங்குன்னேன்ல."

"அவங்க சரியாத்தான் சார் வந்தாங்க," என்றார் பஸ் டிரைவர். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அத்தை இறங்கினாள். பஸ்ஸில் இருந்த அத்தனை கண்களுக்கும் முன்னால் காரைச் சுற்றி நடந்து வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். அதற்குள் நான் முன் சீட்டுக்குத் தாவியிருந்தேன். என் வாழ்க்கையில் முதல் முன் சீட்டு. "ஹாரன் அடிங்க மாமா, ஹாரன் அடிங்க," என்று வழிநெடுகக் கத்திக்கொண்டு போனேன்.

மேலே மரவள்ளிக் காடும் நல்ல காற்றும் இருந்தன. மாமா எங்கள் உயிரைக் காப்பாற்றிய கதையை அங்கேயே இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை பஸ் இன்னும் பெரியதாக இருந்தது. அத்தை எல்லோருக்கும் புளிசாதம் போட்டாள்.

திரும்பும்போது எனக்குத் தூக்கம் வந்தது. பின் சீட்டுக்குப் போய் அத்தை மடியில் தலைவைத்துப் படுத்தேன். மலை இறங்க இறங்க என் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவளுடைய இடது முழங்கால் எழுந்து அமுங்கியது. கூடவே வலது முழங்கால். நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். இடது கால் கிளட்ச், வலது கால் பிரேக். அன்றைக்கு அந்த மலையிலிருந்து எங்களை இறக்கிக்கொண்டு வந்தது யார் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் தூக்கம் கெடுகிறது என்பதுதான்.

"காலை ஆட்டாதீங்க அத்தை."

"சரிடா கண்ணு," என்றாள். மிச்சமிருந்த வளைவுகளுக்கு அவள் கால் அசையவே இல்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.