வெற்றிடப் பெட்டியில் ஒரு சந்தனப் பொட்டு

சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது என்னோடு ஆய்வகத்தில் வேலைசெய்த செல்வராணியின் அண்ணன் அழைத்தார். "ராணி போயிட்டாம்மா" என்றார். தில்லை நகர் மருத்துவமனையில் அவளை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவளை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் ஆய்வு தெரியும். கல்லில் ஒட்டிய நுண்ணுயிர் விண்வெளியைக் கடந்து உயிரோடு வருமா என்பதே கேள்வி. பாக்டீரியா கலந்த கல்தூளைக் காற்று நீக்கிய பெட்டியில் வைத்து, புற ஊதாக் கதிரில் வாரக்கணக்கில் விடுவோம். பிறகு அதை ஊட்டக்கூழ்த் தட்டுகளில் தூவுவோம். முளைத்தால் பிழைத்ததென்று பொருள்.

கார்த்திகையில் எல்லாத் தட்டுகளிலும் முளைத்துவிட்டது. திட்டத்தைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவுசெய்ய மறுநாள் குழு வருகிறது. மூடினால் அவளுக்கு வேலையில்லை. ஸ்ரீரங்கத்து வீடு அவள் சம்பளத்தில் நடந்தது. துறைத்தலைவர் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். செல்வராணி ஒரே ஒரு தட்டைப் பார்த்தபடி நின்றாள். பாக்டீரியா கலக்காத வெறும் தூள் தூவிய, எதுவும் முளைக்கக்கூடாத தட்டு அது. அதிலும் வெண்புள்ளிகள்.

"நம்ம பிள்ளைங்க கெட்டிக்காரங்கடி. போடாத இடத்துலயும் முளைச்சிருக்காங்க" என்றாள் என்னிடம்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தட்டைக் காட்ட வேண்டாமென்றார் தலைவர். அவள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். கதவின் உட்புறத்தில் பாதி உதிர்ந்த சந்தனப் பொட்டு. ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தவள் அவளேதான். மிச்சத்தைச் சுரண்டித் தனித் தட்டில் தடவினாள். காலையில் அதிலும் அதே புள்ளிகள். உதிர்ந்த சந்தனம் தூளில் விழுந்திருக்கிறது.

குழுவின் முன் அந்தத் தட்டைத்தான் முதலில் வைத்தாள். "பொட்டு வெச்சது நான்தாங்க" என்றாள். அப்படியானால் சந்தனத்தில் இருந்தவையும் காற்றில்லாமல் பிழைத்தவைதானே என்று ஒருவர் கேட்டார். அவளுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டதென்று நான் நினைத்தேன்.

"இருக்கலாங்க. ஆனா கதவோரம் கதிர் படாது. அதுல எத்தனை இருந்துச்சு, எத்தனை செத்துச்சுன்னு தெரியாது. தெரியாததைப் பிழைச்சுதுன்னு சொல்லமாட்டேன்."

வெகுநேரம் வெளியே காத்திருந்தோம். இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெட்டியை மீண்டும் மூடினோம். அதைத் திறக்குமுன் அவள் காய்ச்சலில் படுத்தாள்.

போன வாரம் நான் தனியாகத் திறந்தேன். வெறும் தூள் தட்டில் ஒன்றுமில்லை. மற்றவற்றில், தூளின் அடியில் கதிருக்கு மறைந்திருந்தவை மட்டும் கொஞ்சம் முளைத்திருக்கின்றன. இன்னும் அறிவிக்கவில்லை, மறுபடியும் செய்யப்போகிறேன். ஒரு புள்ளியைக் கண்டதும், மகிழ்ச்சிக்கு முன்னால், இது எங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு பயம் வருகிறது. அது அவளுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.